பட்டா இல்லாத விடுதலை: அமெரிக்க அடிமை ஒழிப்புக்குப் பின் நடந்ததைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?

கேள்வி இதுதான்: "நாங்கள் ஹூஸ்டன் பக்கம் இருக்கிறோம். ஒன்பதாவது முதல் பதினொன்றாவது வரை படிக்கும் பன்னிரண்டு பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் வரலாறு சொல்லித்தர ஒப்புக்கொண்டேன். லிங்கன் அடிமைகளை விடுவித்தார் என்று அவர்களுக்குத் தெரியும். அடுத்து மார்ட்டின் லூதர் கிங் தெரியும். நடுவில் நூறு ஆண்டைக் காணோம். அதை நான்கு வகுப்பில் எப்படிச் சொல்வது?"

அந்த நூறு ஆண்டு காணாமல் போனதற்குப் பாடத்திட்டமும் ஒரு காரணம். பல மாநிலங்களில் எட்டாம் வகுப்பு வரலாறு, அடிமைமுறையை விடாத தென்மாநிலங்களுக்கும் வடக்குக்கும் நடந்த உள்நாட்டுப் போரோடு முடிகிறது. பதினொன்றாம் வகுப்பு ரயில்பாதை, எஃகு ஆலை என்று தொடங்குகிறது. இடையில் 1865 முதல் 1877 வரையான மறுசீரமைப்புக் காலம், பள்ளி முடியப்போகும் கடைசி வாரத்தில் பிள்ளைகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இரண்டு நாளில் ஓடிவிடும். பதினாறு ஆண்டு ஹைஸ்கூலில் இந்தப் பாடம் எடுத்தேன். முதல் நான்கைந்து ஆண்டு நானும் அப்படித்தான் ஓட்டினேன். அடிமைமுறையை ஒழித்த 13ஆம் அரசியல் சட்டத் திருத்தம், குடியுரிமையும் சமச் சட்டப் பாதுகாப்பும் தந்த 14ஆம் திருத்தம், இனத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக்கூடாது என்ற 15ஆம் திருத்தம் என்று பலகையில் எழுதிப்போடுவேன். பிள்ளைகள் மூன்று எண்களை மனப்பாடம் செய்வார்கள். தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவார்கள்.

பிறகு ஒன்றை மாற்றினேன். அரசு என்ன கொடுத்தது என்று தொடங்குவதை விட்டுவிட்டு, விடுதலையானவர்கள் என்ன கேட்டார்கள் என்று தொடங்கினேன். பாடமே வேறாகிவிட்டது. நான்கு வகுப்புக்கும் நான் சொல்லக்கூடிய யோசனை இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதை எப்படிச் செய்வது என்பதுதான்.

முதல் வகுப்பை 1865 ஜனவரி 12 அன்று இரவில் தொடங்குங்கள். இடம் ஜார்ஜியாவின் சவானா நகரம். போர் இன்னும் முடியவில்லை. வடக்கு ராணுவத்தின் ஜெனரல் ஷெர்மன் தங்கியிருந்த வீட்டுக்குக் கறுப்பினத் தேவாலயங்களைச் சேர்ந்த இருபது பேர் வருகிறார்கள். வாஷிங்டனிலிருந்து போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனும் வந்திருக்கிறார். உங்கள் மக்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறார். இருபது பேர் சார்பாகப் பேசியவர் காரிசன் ஃபிரேசியர். வயது 67. அவரே எட்டு ஆண்டுகளுக்கு முன்புதான் ஆயிரம் டாலர் கொடுத்துத் தன்னையும் மனைவியையும் விலைக்கு வாங்கி விடுவித்துக்கொண்டவர். இந்த வாக்கியத்தைப் பிள்ளைகளிடம் மெதுவாகச் சொல்லுங்கள், ஏனென்றால் "தன்னையே வாங்கினாரா?" என்று யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். கேட்கட்டும்.

அடிமைத்தனம் என்றால் என்ன என்று ஸ்டான்டன் கேட்டபோது, ஒருவனின் சம்மதமில்லாமல் எதிர்க்க முடியாத பலத்தால் அவன் உழைப்பை வாங்கிக்கொள்வது என்கிற பொருளில் ஃபிரேசியர் பதில் சொன்னார். சாட்டை, சங்கிலி என்று அவர் தொடங்கவில்லை, உழைப்பு யாருக்குப் போகிறது என்று தொடங்கினார். எங்களை நாங்களே காப்பாற்றிக்கொள்ள நல்ல வழி நிலம்தான், அதை எங்கள் உழைப்பால் உழுது பயிரிடுவோம் என்றார். வெள்ளையரோடு கலந்து வாழ்வீர்களா, தனியாக வாழ்வீர்களா என்ற கேள்விக்கு, எங்கள் மேல் இருக்கும் வெறுப்பு தீரப் பல ஆண்டு ஆகும், அதனால் தனியாகவே இருந்துகொள்கிறோம் என்றார். இருபது பேரில் ஒருவர் மட்டும், ஜேம்ஸ் லிஞ்ச் என்பவர், சேர்ந்துதான் வாழவேண்டும் என்று மறுத்தார். இந்த மறுப்பையும் விடாமல் சொல்லுங்கள். ஒடுக்கப்பட்டவர்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசுவார்கள் என்ற நினைப்பு பிள்ளைகளுக்கு (பெரியவர்களுக்கும்தான்) இருக்கிறது.

நான்கு நாள் கழித்து, ஜனவரி 16 அன்று, ஷெர்மனின் சிறப்புக் கள ஆணை எண் 15 வந்தது. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனிலிருந்து தெற்கே உள்ள தீவுகள், கைவிடப்பட்ட நெல் வயல்கள், ஃபுளோரிடாவின் செயின்ட் ஜான்ஸ் ஆற்றோரம் வரை, குடும்பத்துக்கு நாற்பது ஏக்கருக்கு மிகாமல். 'நாற்பது ஏக்கரும் ஒரு கோவேறு கழுதையும்' என்ற பேச்சு இதிலிருந்து வந்ததுதான். ஆணையில் கழுதை இல்லை. ராணுவம் வேலைவாங்கி முடித்த கழுதைகள் சிலருக்குக் கிடைத்தன, அவ்வளவே. அந்த ஜூன் மாதத்துக்குள் சுமார் 40,000 பேர் சுமார் 4,00,000 ஏக்கரில் குடியேறிப் பயிரிடத் தொடங்கிவிட்டார்கள்.

இந்த இடத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. அவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் பட்டா என்றால் என்னவென்று தெரியும். ஆணை கொடுத்தது பட்டா அல்ல. நாடாளுமன்றம் ஒரு ஏற்பாடு செய்யும்வரை வைத்து அனுபவிக்கலாம் என்ற சீட்டு. புறம்போக்கில் முப்பது வருஷம் குடியிருந்தவருக்கும் பட்டா வைத்திருப்பவருக்கும் என்ன வித்தியாசம் என்று ஊரில் தாத்தாவிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். வீட்டுப்பாடமாகவே கொடுக்கலாம்.

ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டார். பதவிக்கு வந்த ஆண்ட்ரூ ஜான்சன் மே 29 அன்று மன்னிப்பு அறிவித்தார். விசுவாச உறுதிமொழி எடுத்த முன்னாள் கிளர்ச்சியாளர்களுக்கு, அடிமைகள் தவிர மற்ற சொத்து திரும்பக் கிடைக்கும். பெரும் பணக்காரர்கள் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அவர்களுக்கும் மன்னிப்பு தாராளமாகவே வந்தது. அப்படியானால் தீவுகளில் குடியேறியவர்கள்? அவர்களிடம் செய்தி சொல்ல, அக்டோபரில், விடுதலையானவர்களுக்கு உதவ அரசு அமைத்த விடுதலையானோர் துறையின் தலைவர் ஜெனரல் ஹோவர்டை அனுப்பினார்கள். தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவில் ஒரு தேவாலயத்தில் கூட்டம். ஹோவர்ட் நல்ல மனிதர், கறுப்பின மக்கள் மேல் உண்மையான அக்கறை உள்ளவர். போரில் வலது கையை இழந்தவர். நிலத்தைத் திருப்பிக் கொடுங்கள், பழைய முதலாளிகளை மன்னியுங்கள், அவர்களிடமே கூலி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டிய வேலை அவர் தலையில் விழுந்தது.

தீவு மக்களின் குழு அவருக்கு எழுதிய பதில் மனு இருக்கிறது. வகுப்பில் வாசிக்க வேண்டிய காகிதங்களில் அதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். எழுத்துப் பிழைகள் நிறைந்த, தெளிவான கடிதம். சாரம் இது: மன்னிக்கச் சொல்கிறீர்கள். நீங்கள் போரில் ஒரு கையைத்தான் இழந்தீர்கள், உங்களால் மன்னிக்க முடியலாம். என்னை மரத்தில் கட்டி 39 அடி அடித்தவன், என் தாயையும் சகோதரியையும் அடித்தவன், இப்போது அவன் சொல்லும் விலைக்கு அவன் நிலத்தில் பயிரிட்டால்தான் தன் காலிக் குடிசையில் இருக்கவிடுவேன் என்கிறவன், அவனை என்னால் மன்னிக்க முடியாது. இதை வாசித்துவிட்டு நான் எதுவும் பேசுவதில்லை. ஒரு நிமிடம் விட்டுவிடுவேன்.

அதே கடற்கரையில், அதிகத் தொலைவில்லாத பியூஃபோர்ட் ஊரில், வேறு ஒன்று நடந்தது. ராபர்ட் ஸ்மால்ஸ் அந்த ஊரில் அடிமையாகப் பிறந்தவர். 1862 மே 13 அன்று விடியுமுன், சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து தென்னவர் ராணுவத்துக்கு வேலைசெய்த பிளான்டர் என்ற கப்பலை, வெள்ளை அதிகாரிகள் கரையில் தூங்கும் நேரம் பார்த்து, குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு ஓட்டிச் சென்று வடக்குக் கடற்படையிடம் ஒப்படைத்தார். பிள்ளைகள் நிமிர்ந்து உட்காரும் கதை. ஆனால் நான் இவரை அதற்காகக் கொண்டுவருவதில்லை. வரி கட்டாததற்காக ஏலம் போன தன் பழைய எஜமானின் வீட்டை இவர் விலைக்கு வாங்கினார். ஏலத்துக்கு முன் வீடு யாருடையதாக இருந்ததோ அந்தத் தரப்பு வழக்குப் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1878ல் வீடு ஸ்மால்ஸுக்கே என்று தீர்ந்தது. எடிஸ்டோக்காரர்களிடம் இருந்தது ஜனாதிபதி மனம் மாறினால் செல்லாமல்போகும் சீட்டு. ஸ்மால்ஸிடம் இருந்தது வரி ஏலத்தில் வாங்கிய பத்திரம். ஒரே கடற்கரை, ஒரே காலம். முதல் வகுப்பின் முடிவில் பிள்ளைகளிடம் இந்த ஒரே கேள்வியைக் கேளுங்கள்: கையில் இருக்கும் காகிதத்தை யாரால் ரத்துசெய்ய முடியும்? அடுத்த மூன்று வகுப்பிலும் ஒவ்வொரு காகிதத்துக்கும் இதையே கேட்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது வகுப்பு உங்கள் ஊர்க்கதை. கால்வெஸ்டன், 1865 ஜூன் 19. வடக்கு ராணுவத்தோடு டெக்ஸஸுக்கு வந்த ஜெனரல் கிரேஞ்சரின் பொது ஆணை எண் 3. ஜூன்டீன்த் என்று 2021 முதல் நாடு முழுதும் விடுமுறை. பிள்ளைகளுக்கு விடுமுறை தெரியும், ஆணையை யாரும் படித்திருக்க மாட்டார்கள். ஒரு பத்திதான். பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்து, வாக்குறுதி எங்கே இருக்கிறதோ அங்கே பச்சையில் கோடு, நிபந்தனை எங்கே இருக்கிறதோ அங்கே சிவப்பில் கோடு போடச் சொல்லுங்கள். மேல்பாதி முழுக்கப் பச்சை: எல்லா அடிமைகளுக்கும் விடுதலை, முன்னாள் எஜமானுக்கும் அடிமைக்கும் முழுச் சம உரிமை, சொத்துரிமையும் சேர்த்து. அப்புறம் நிறம் மாறும். இப்போதிருக்கும் இடத்திலேயே அமைதியாக இருந்து கூலிக்கு வேலை செய்யுங்கள், ராணுவ முகாம்களில் வந்து கூடக்கூடாது, சோம்பேறியாக இருந்தால் யாரும் சோறு போடமாட்டார்கள். அதுவரை அந்த மாநிலத்தின் பருத்தியில் பெரும்பகுதியைப் பறித்தவர்களைப் பார்த்துச் சொன்ன வார்த்தை இது! என் வகுப்பில் ஒரு பையன், "சார், இதுவரை சும்மா உட்கார்ந்து சாப்பிட்டது யாரு?" என்று கேட்டான். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கிரேஞ்சர் ஆணைக்குப் பக்கத்தில் வைக்கவேண்டியது மிசிசிப்பி 1865 நவம்பரில் போட்ட சட்டங்கள். கறுப்பினச் சட்டங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள், தென்மாநிலங்கள் பலவும் இப்படிப் போட்டன. ஒவ்வொரு ஜனவரியிலும் கையில் வேலைக்கான எழுத்துச் சான்று இருக்கவேண்டும். இல்லையென்றால் நாடோடி என்று 50 டாலர் வரை அபராதம். ஐந்து நாளில் கட்டாவிட்டால் ஷெரீப் அவரை, அபராதத்தைக் கட்ட முன்வருபவரிடம் வேலைக்கு விடுவார். ஒப்பந்தம் முடியுமுன் வேலையை விட்டுப் போனால் அதுவரையான கூலி போச்சு. அப்படிப் போனவரைப் பிடித்து முதலாளியிடம் ஒப்படைப்பவருக்கு 5 டாலரும் மைலுக்கு 10 சென்ட்டும் கூலி. நகரத்துக்கு வெளியே நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கவும் கூடாது. காரிசன் ஃபிரேசியர் கேட்டது என்ன என்பதை இங்கே நினைவுபடுத்துங்கள். அவர் கேட்ட ஒன்றைத்தான் இந்தச் சட்டம் குறிபார்த்து அடைத்தது. நிலத்துக்குப் போகும் வழியை மூடினால், பண்ணை வாசலைத் தவிரப் போவதற்கு வேறு இடம் கிடையாது.

இந்தச் சட்டங்கள் நீடிக்கவில்லை. வடக்கில் கோபம் எழுந்து, 1866ல் குடிமை உரிமைச் சட்டம், 1868ல் 14ஆம் திருத்தம் என்று வந்தன. ஆனால் 13ஆம் திருத்தத்தின் நடுவிலேயே ஒரு விதிவிலக்கு உட்கார்ந்திருந்தது: குற்றத்துக்கான தண்டனையாக அன்றி அடிமைத்தனமோ கட்டாய உழைப்போ இருக்கக்கூடாது. அந்த 'அன்றி'யில் கை வைத்தார்கள். சிறு திருட்டு, நாடோடித்தனம் என்று பிடித்து, கைதிகளைச் சுரங்கத்துக்கும் ரயில்பாதைக்கும் கரும்புத் தோட்டத்துக்கும் வாடகைக்கு விட்டார்கள். அலபாமாவில் இது 1928 வரை நடந்தது. அடிமையாவது முதலாளியின் முதலீடு, செத்தால் அவருக்கு நஷ்டம். வாடகைக் கைதி செத்தால் மாநிலம் இன்னொருவரை அனுப்பும்.

உங்கள் ஊர் சுகர்லேண்டில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். அந்த ஊர்ப் பெயரில் இருக்கும் சர்க்கரை இப்படி விளைந்தது. 2018ல் அங்கே ஒரு பள்ளிக் கட்டடத்துக்காக மண் தோண்டியபோது 95 பேரின் எலும்புகள் கிடைத்தன. எல்லாம் வாடகைக்கு விடப்பட்ட கைதிகள், பதின்வயதினரும் உண்டு. இந்தப் பாடத்தில் வெளியே கூட்டிப்போவதென்றால் மியூசியத்துக்கு முன்னால் அந்தக் கல்லறைக்குக் கூட்டிப் போங்கள். காரில் பக்கம்தான்.

மூன்றாவது வகுப்பில் கவனம் வேண்டும். இரண்டு வாரம் தொடர்ந்து ஏமாற்றத்தையே கேட்டுவிட்டு, பிள்ளைகள் "எதுவுமே மாறலையா?" என்று அலுத்துப்போவார்கள். மாறியது. அதுவும் அவர்கள் கற்பனை செய்ததைவிட அதிகமாக. 1867 முதல் தெற்கில் கறுப்பின ஆண்கள் வாக்களித்தார்கள். தென் கரோலினாவின் கீழவையில் பெரும்பான்மையே அவர்கள்தான். 1870ல் மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவெல்ஸ் செனட்டுக்குப் போனார். அதே ஆண்டு தென் கரோலினாவின் ஜோசஃப் ரெய்னி பிரதிநிதிகள் சபைக்குப் போனார். நம்ம ஸ்மால்ஸும் பிறகு ஐந்து முறை போனார். இவர்கள் கை ஓங்கியிருந்த தென் கரோலினாவின் 1868 அரசியல் சட்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுப் பள்ளி என்றது. ஏழை வெள்ளையர் பிள்ளைகள் உட்பட! விடுதலையானோர் துறையின் உதவியோடு ஆயிரத்துக்கும் மேல் பள்ளிகள் எழுந்தன. எழுதப் படிக்கக் கற்பதே பல மாநிலங்களில் அடிமைக்குக் குற்றமாக இருந்த நிலையில், பாட்டியும் பேத்தியும் ஒரே பெஞ்சில் எழுத்துக் கூட்டிய காலம் அது.

இன்னொன்றும் சொல்லுங்கள். விற்கப்பட்டுப் பிரிந்துபோன பிள்ளையை, தாயை, அண்ணனைத் தேடிக் கறுப்பினப் பத்திரிகைகளில் விளம்பரம் போட்டார்கள். 'தகவல் தேவை' என்று தலைப்பு. கடைசியாக எந்த எஜமானிடம் பார்த்தேன், எந்த வியாபாரி கொண்டுபோனான் என்று நான்கு வரி. நூற்றாண்டின் இறுதிவரை இவை வந்துகொண்டே இருந்தன. ஒன்றை எடுத்து ஒரு பிள்ளையை வாசிக்கச் சொன்னால் போதும்.

அப்புறம் அது எப்படி அழிந்தது? தானாகத் தேய்ந்ததுபோலச் சொல்லாதீர்கள். செய்தவர்கள் இருக்கிறார்கள். 1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு, லூசியானாவின் கோல்ஃபேக்ஸ். தேர்தல் தகராறில் நீதிமன்றக் கட்டடத்தைக் காத்துநின்ற கறுப்பினத்தவர்களை ஆயுதம் தாங்கிய வெள்ளையர் கும்பல் தாக்கியது. சரணடைந்தவர்களையும் கொன்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 14ஆம் திருத்தம் மாநிலங்களைத்தான் கட்டுப்படுத்தும், தனிமனிதர்களை அல்ல என்று 1876ல் தீர்ப்பு வந்தது. கொன்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். காகிதம் அப்படியே இருந்தது. அதை அமல்படுத்தும் கைதான் இல்லாமல்போனது. 1877ல், சர்ச்சைக்குள்ளான ஜனாதிபதி தேர்தலைத் தீர்க்க நடந்த பேரத்தில் வடக்கு ராணுவமும் தெற்கின் அரசியலிலிருந்து ஒதுங்கியது.

கோல்ஃபேக்ஸை நான் தேர்ந்தெடுப்பதற்கு இன்னொரு காரணம், 1950களின் தொடக்கத்தில் மாநில அரசு அங்கே நட்ட அறிவிப்புப் பலகை. 'கோல்ஃபேக்ஸ் கலவரம்' என்று பெயர். மூன்று வெள்ளையரும் 150 நீக்ரோக்களும் கொல்லப்பட்டார்கள், தெற்கில் வடக்கத்தியரின் தவறான ஆட்சி இதோடு முடிந்தது என்பது அதன் வாசகம். 2021ல்தான் அகற்றினார்கள். படம் கிடைக்கும். பலகையில் எந்தச் சொல் பொய் என்று கேளுங்கள். எண்ணிக்கையைச் சரிபார்க்கக் கிளம்புவார்கள். கொஞ்ச நேரத்தில் யாராவது 'கலவரம்' என்ற சொல்லில் விரல் வைப்பார்கள். 'தவறான ஆட்சி' என்பதிலும் வைப்பார்கள். நடந்ததை மட்டுமல்ல, அது எப்படிச் சொல்லப்பட்டது என்பதையும் பார்க்கக் கற்றுக்கொள்ளும் இடம் இது.

வாக்குரிமை போன விதத்துக்கு ஒரே ஒரு கணக்கு போதும். லூசியானாவில் பதிவுசெய்த கறுப்பின வாக்காளர்கள் 1896ல் 1,30,334 பேர். 1904ல் 1,342 பேர். நடுவில் 1898ல் புது அரசியல் சட்டம்: படிப்புத் தேர்வு, சொத்துத் தகுதி, 1867 ஜனவரி 1க்கு முன் உன் தாத்தாவுக்கு வாக்கு இருந்ததா என்ற கேள்வி. எங்கும் 'கறுப்பர்' என்ற சொல்லே கிடையாது. 15ஆம் திருத்தம் அமலில் இருக்கும்போதே இது நடந்தது. தென் கரோலினாவில் 1895ல் இப்படி ஒரு சட்டம் எழுதக் கூடிய மாநாட்டில், மிஞ்சியிருந்த ஆறு கறுப்பினப் பிரதிநிதிகளில் ஒருவராக ஸ்மால்ஸ் எழுந்து நின்று எதிர்த்தார். கப்பலை ஓட்டி வந்தபோது அவருக்கு வயது 23. இப்போது 56.

நான்காவது வகுப்பு கணக்கு வகுப்பு. நிலம் கிடைக்கவில்லை, கூலிக்கும் பணப்புழக்கம் இல்லை. முடிவில் நிலைத்தது வாரச் சாகுபடி. 'வாரம்' என்ற சொல் நம்மிடம் இருப்பதால் ஆங்கிலத்தில் அரை மணி நேரம் விளக்குவதைத் தமிழில் ஒரு வரியில் சொல்லிவிடலாம். நிலம், கழுதை, கலப்பை அவருடையது. உழைப்பு உன்னுடையது. விளைச்சலில் பாதி. அறுவடை வரை சாப்பிட, அவர் கடையிலேயே கடன். வகுப்புக்காக நானே போட்டுவைத்த கணக்கு ஒன்று உண்டு, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

குடும்பம் ஆறு பொதி பருத்தி எடுக்கிறது. பொதிக்கு 500 பவுண்டு, ஆக 3,000 பவுண்டு. பவுண்டு 10 சென்ட் என்றால் 300 டாலர். பாதி 150. கடையில் மாவு, உப்பிட்ட பன்றி இறைச்சி, துணி, வெல்லப்பாகு எல்லாம் ரொக்க விலைக்கு 100 டாலர் சரக்கு, கடன் விலைக்கு 130. பருத்தி அரவைக்கும் கட்டுவதற்கும் 10. உரத்தில் பங்கு 12. மொத்தம் 152. வருஷம் முழுக்கக் குடும்பமே உழைத்து, கிறிஸ்துமஸ் சமயத்தில் 2 டாலர் பாக்கி. பிள்ளைகள் சிரிப்பார்கள். இப்போது விலையை மட்டும் 5 சென்ட் ஆக்குங்கள். 1890களில் பருத்தி உண்மையாகவே அந்த அளவுக்கு விழுந்தது. வருமானத்தில் பங்கு 75, பாக்கி 77. அது அடுத்த ஆண்டுக் கணக்கின் முதல் வரியாக ஏறும். பிறகு கடைசியாக ஒரு கேள்வி: இந்த நோட்டு யார் கையில் இருக்கிறது? எழுதுவது யார்?

"கடன்தானே, விட்டுட்டுப் போயிடலாமே?" என்று கட்டாயம் கேட்பார்கள். அதற்கு அலபாமாவின் பெய்லி வழக்கு. 15 டாலர் முன்பணம் வாங்கி, ஓராண்டு வேலைக்கு ஒப்புக்கொண்டு, நடுவில் விட்டுப்போனதற்காகப் பெய்லி என்ற தொழிலாளியை மோசடிக் குற்றவாளி ஆக்கினார்கள். முன்பணம் வாங்கி வேலையை விட்டாலே ஏமாற்றும் நோக்கம்தான் என்று மாநிலச் சட்டம் சொன்னது. 1911ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. விடுதலைக்கு 46 ஆண்டுக்குப் பிறகு. முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போடுவதற்கு நம்மிடம் கொத்தடிமை என்று நேரான சொல் இருக்கிறது. இந்தியாவில் அதை ஒழிக்க 1976ல் தனிச்சட்டம் போட வேண்டியிருந்தது. "இதெல்லாம் அமெரிக்காக்காரர்கள் செய்தது" என்று ஒரு பெற்றோர் ஆறுதல்பட்டுக்கொண்டால் இதைச் சொல்லுங்கள்.

விட்டுப் போகவே இல்லை என்றும் நினைத்துவிடக்கூடாது. 1879ல் ஆயிரக்கணக்கானோர் கான்சஸுக்குக் கிளம்பினார்கள். 1910க்கும் 1970க்கும் இடையில் சுமார் 60 லட்சம் பேர் தெற்கை விட்டே போனார்கள். தங்கியவர்களிலும் சிலர் ஏக்கர் ஏக்கராகச் சேர்த்து, 1910 வாக்கில் கறுப்பின விவசாயிகள் கையில் சுமார் 1.5 கோடி ஏக்கர் இருந்தது. அரசு கொடுத்ததல்ல, வாங்கியது.

தமிழ்ப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டிய இன்னொரு தொடர்பு உண்டு. பிரிட்டன் 1833ல் தன் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழித்தபோது 2 கோடி பவுண்டு நஷ்டஈடு கொடுத்தது, அடிமைகளுக்கு அல்ல, எஜமானர்களுக்கு. அமெரிக்காவிலும் தலைநகர் வாஷிங்டனில் 1862ல் அப்படியேதான், தலைக்கு 300 டாலர் வரை எஜமானருக்கு. மொரீஷியஸ் போன்ற கரும்புத் தீவுகளில் விடுதலையானவர்கள் தோட்டத்தை விட்டு விலகியபோது அந்த இடத்தை நிரப்ப ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் தமிழர்கள் ஏராளம். 1860ல் நேட்டால் போன முதல் கப்பல் கிளம்பியதே சென்னையிலிருந்துதான். இதில் முழு வகுப்பையும் செலவழிக்க ஆசை வரும். வேண்டாம், பத்து நிமிடம் போதும். இது அவர்கள் கதை. நம்முடையதை இழுத்துப்போட்டு மூடிவிடக்கூடாது.

நடத்தும் விதத்தில் இரண்டு எச்சரிக்கை. ஏலம் நடித்துக்காட்டுவது, கைகளைக் கட்டி உட்காரவைப்பது மாதிரியான 'அனுபவப்பூர்வமான' விளையாட்டு எதையும் செய்யாதீர்கள். நான் வேலைபார்த்த ஒரு பள்ளியில் யாரோ செய்து, ஒரு குழந்தை அழுதுகொண்டே வீட்டுக்குப் போனது. வகுப்பில் கறுப்பினப் பிள்ளை ஒருவர் இருந்தால், "உங்க வீட்டில் என்ன சொல்லுவாங்க?" என்று அவர் பக்கம் திரும்பாதீர்கள். பழைய காகிதங்களில் இழிசொற்கள் வரும். வாய்விட்டு வாசிக்க வேண்டாம், அந்த இடத்தைத் தாண்டிவிடலாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

கடைசி வகுப்பின் கடைசிக் கால் மணி நேரத்தை ஜோர்டன் ஆண்டர்சனுக்கு வைத்துக்கொள்ளுங்கள். டென்னசியில் அடிமையாக இருந்து ஒஹையோவின் டேட்டனுக்குப் போய்விட்டவர். பழைய எஜமான் கர்னல் ஆண்டர்சன், திரும்பி வா, நல்லபடியாக நடத்துகிறேன் என்று எழுதுகிறார். 1865 ஆகஸ்ட் 7 தேதியிட்டு ஜோர்டன் சொல்லச்சொல்ல எழுதப்பட்ட பதில் அப்போதே பத்திரிகைகளில் வந்தது. பணிவான கடிதம். உங்கள் நேர்மையைச் சோதித்துப் பார்க்க விரும்புகிறோம், பழைய சம்பளத்தை அனுப்பி வையுங்கள் என்கிறார். நான் 32 ஆண்டு உழைத்தேன், மாதம் 25 டாலர். மனைவி மாண்டி 20 ஆண்டு, வாரம் 2 டாலர். எங்களுக்கு வாங்கிக்கொடுத்த துணியையும், எனக்கு மூன்று முறை வந்த டாக்டர் செலவையும், மாண்டிக்குப் பல் பிடுங்கியதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

மொத்தத்தை உடனே சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகளே போடட்டும். சற்று முன் பண்ணைக் கடை நோட்டில் கணக்குப் போட்ட அதே தாளின் பின்பக்கத்தில் போடச் சொல்லுங்கள். 11,680 டாலர் வரும், கடிதத்தில் இருப்பதும் அதேதான். கழிவுக்கு முன்னால். வட்டி தனி என்று ஜோர்டன் எழுதியிருக்கிறார்.

அப்புறம் கடிதத்தின் முடிவு. அதை நீங்கள் வாசிக்காதீர்கள், குரல் நன்றாக எடுக்கும் பிள்ளை யாரிடமாவது கொடுங்கள். ஜார்ஜ் கார்ட்டரைக் கேட்டதாகச் சொல்லுங்கள், நீங்கள் என்னைச் சுட்டுக்கொண்டிருந்தபோது உங்கள் கையிலிருந்து துப்பாக்கியைப் பிடுங்கியதற்கு அவருக்கு என் நன்றியையும் சொல்லுங்கள்.